வெள்ளைச் சோபாவில் இரண்டாம் நாள்

மனித குலத்தில் இரண்டே வகைதான். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து போகிறவர்கள் ஒரு வகை. எழுந்தபின் உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் மறு வகை. நாடுகளைப் பிடித்தவர்கள், கடல்களைக் கடந்தவர்கள், தேர்வறையில் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேறியவர்கள் எல்லாரும் முதல் வகை. நானும் அதில்தான் சேர்த்தி. பிறந்ததிலிருந்து எந்த நாற்காலியையும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தக் கொள்கையால் சில குடைகளும் ஒரு பர்சும் போயிருக்கின்றன. வரலாறு படைப்பவன் அதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது.

என் அக்கா இரண்டாம் வகை. பஸ்சில் இறங்கும்போது, சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போது, ஏன், சொந்தக் கட்டிலிலிருந்து இறங்கும்போதுகூடத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு தூசி தட்டுவதுபோல் கையால் ஒரு தடவு.

"என்னக்கா, முட்டை கிட்டை போட்டுட்டியா?" என்பேன்.

"போடா எருமை" என்பாள்.

இதைப் பற்றிக் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினேன். பையன்களிடம் நல்ல வரவேற்பு. பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புகூட வரவில்லை. அவர்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று முடிவு செய்து அதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினேன்.

அக்காவுக்கு ஒரு பெரிய சோபாக் கடையில் வேலை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உட்காருவதற்கான பொருள்கள். ஊழியர் மட்டும் எதிலும் உட்காரக் கூடாது. காலையில் கதவு திறந்ததிலிருந்து மூடும்வரை நிற்க வேண்டும். சுவரில் ஆளுயர எழுத்தில் "உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசலாம்" என்று எழுதியிருக்கும். அது வாடிக்கையாளருக்கு. வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்வரை எதிரே நின்று விளக்கம் சொல்வது கடையின் சட்டம். ஊழியர் சீருடையைப் பால் வெள்ளையாகத் தேர்ந்தெடுத்தது மேனேஜர். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் குஷன். அவரிடம் மெத்தென்று எதுவுமே இல்லாததால் வந்த பெயர்.

ஒருநாள் மதியம், அக்காவுக்குத் தலை சுற்றியது. கண் இருட்டி, பக்கத்திலிருந்த வெள்ளைச் சோபாவில் சரிந்தாள். எழுப்பி நிறுத்தியபோது சோபாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

அதை அங்கேயே கழுவித் தருகிறேன் என்று அக்கா கேட்டிருக்கிறாள். குஷன் விடவில்லை. "வேணாம். அப்படியே இருக்கட்டும். மத்தவங்களுக்கு ஒரு பாடமா இருக்கும்" என்று சொல்லி, சோபாவைத் தூக்க வைத்து ஊழியர் ஓய்வறை வாசலில் போட்டார். மேலே பாலிதீன் உறை. கடந்து போகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டும். அதற்கு 'அக்கா சோபா' என்று பெயரும் வைத்தார். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களை அதன்முன் நிறுத்தி, "அந்த நாள்ல ஒழுங்கா இருக்கணும், புரியுதா?" என்பாராம்.

அக்கா இதை வீட்டில் சொல்லவில்லை. அவளுடன் வேலை பார்க்கும் தோழி சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே, இவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். கப்பலில் வேலை பார்க்கும் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், போனில், "லீவு போடேன்" என்றார். மாதா மாதம் லீவு கொடுக்கும் கடை எந்தக் கடலில் மிதக்கிறது என்று அக்கா அவரைத் திருப்பிக் கேட்டாள்.

நான் மட்டும்தான் முறைப்படி பழிவாங்கக் கிளம்பினேன்.

திட்டம் எளிமையானது. ஒரு பாட்டில் சிவப்பு மை. குஷனின் சுழல் நாற்காலி. அவருக்கும் வெள்ளைக் கால்சட்டை. மீதியை இயற்கை பார்த்துக்கொள்ளும். மை பாட்டிலைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் தோரணையில் கடைக்குள் நுழைந்தேன். அக்காவுக்கு அன்று வார விடுமுறை.

குஷனின் அறைப் பக்கம் நகர்வதற்குள் ஒரு விற்பனையாளர் மடக்கினார். "உட்கார்ந்து பாருங்க சார்."

சந்தேகம் வரக் கூடாதே என்று உட்கார்ந்தேன். வெள்ளைச் சோபா. நன்றாக அமிழ்ந்தது. ஏதோ சின்னதாக 'டக்' என்றது. சோபாவின் மரச்சட்டம் போலிருக்கிறது, மட்டமான தயாரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் குஷனே என்னை நோக்கி வர, திட்டத்தை ஒத்திவைத்து எழுந்தேன். கொள்கைப்படி, திரும்பிப் பார்க்காமல் வெளியேறினேன்.

தெருவில் என்னைப் பார்க்காதவர்கள் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்கள், பழக்கடைக்காரர் பார்த்தார், ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் நடையில் ஒரு கம்பீரம் இருப்பதாக எனக்கு முன்பே சந்தேகம் உண்டு. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "தம்பி, பின்னாடி... பட்டிருக்கு."

தொட்டுப் பார்த்தேன். விரலெல்லாம் சிவப்பு.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. தோளிலிருந்த சால்வையை எடுத்து என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். இதில் ஏற்கெனவே பழக்கப்பட்ட கை. "நேரா வீட்டுக்குப் போயிடுங்க. பஸ்ல உட்காராதீங்க" என்றாள். காலி பஸ்சில் கடைசி நிறுத்தம்வரை நின்றுகொண்டே வந்தேன். இது ஒரு அறிவியல் பரிசோதனை என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"நேத்து கடைக்கு வந்தியா?"

"நானா?"

"சிவப்பு மை கொட்டிட்டு ஒரு காலேஜ் பையன், ராஜா மாதிரி போனானாம். கடையே சிரிக்குது. அதை விடு. குஷன் என்ன பண்ணினார் தெரியுமா?"

"கத்தினாரா?"

"இல்லடா. 'கஸ்டமர்தானே, விடுங்க'ன்னாராம். உறையில ஜிப் இருக்கில்ல, அவரே உருவி, பின்கட்டுக் குழாய்ல பச்சைத் தண்ணி விட்டு அலசி, காயப்போட்டு, சாயங்காலத்துக்குள்ள மாட்டிட்டாராம். அவர் கையால!"

மை இன்னும் போகாத விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டேன்.

"உன் மைக்கு ஜிப் இருக்கு. என் ரத்தத்துக்கு ஜிப் இல்லை. என்னடா நியாயம் இது?" அக்கா அழவில்லை. அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்தபோது, பழிவாங்கும் துறையில் நான் வெறும் பொழுதுபோக்குக்காரன் என்பது புரிந்தது. "நான் அந்த வெள்ளைச் சோபாவுல உட்காரணும். ரெண்டாம் நாள்ல. அவர் முன்னாடி. எழுந்தா ஒரு பொட்டு இருக்கக் கூடாது. நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வா."

"நான் எதுக்கு?"

"நான் மயங்கி விழுந்தா தூக்க ஆள் வேணும். உன் கட்டுரையையா கூட்டிட்டுப் போக முடியும்?"

டாக்டரம்மா நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அக்காவிடம் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பேட் மாற்றுகிறாள் என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம் தாங்காது. ரெண்டா வச்சாலும். கட்டி கட்டியா வேற போகும்."

"எப்ப இருந்து?"

"பாப்பா பிறந்ததிலிருந்து."

அக்காவின் மகள் பாப்பா இப்போது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிறாள். அத்தனை வருடமாக இவள் எழுந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்; நான் முட்டை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்து மறுபடி போனபோது டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "இந்த ரத்த அளவை வச்சுக்கிட்டு நாள் முழுக்க நிக்கறீங்களா? நிக்கறதே சாதனை. கர்ப்பப்பை சுவர்ல சின்னக் கட்டி ஒண்ணு இருக்கு. பயப்படற மாதிரி இல்ல."

"எடுத்துடலாமா டாக்டர்? கர்ப்பப்பையை. அம்மா எடுத்துடச் சொல்றாங்க."

"அம்மாவுக்கு என்ன, சொல்லிடுவாங்க. அது கடைசிக் கதவும்மா. முன்னாடி நிறைய கதவு இருக்கு." விரலை மடக்காமல் பேச்சுவாக்கில் சொன்னார். ரத்தப்போக்கு இருக்கிற நாள்களில் மட்டும் போடும் மாத்திரை உண்டு, போக்கைக் குறைக்கும். முன்பு ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் கொஞ்சம் குறைக்கும். ஹார்மோன் மாத்திரை தினமும் போட வேண்டும். கர்ப்பப்பையின் உள்படலத்தைச் சுட்டு எடுக்கும் முறை இன்னொன்று.

"இன்னொரு குழந்தை வேணுமா?"

"முடிவு பண்ணல டாக்டர்."

"அப்ப அது வேணாம். ஹார்மோன் லூப் உங்களுக்குச் சரியா வரும். கர்ப்பப்பைக்குள்ள வச்சுட்டா சில வருஷத்துக்கு வேலை செய்யும், வேணும்கிறப்ப எடுத்துடலாம். காப்பர் டி இல்ல, அது போக்கை அதிகமாக்கும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க."

"எது சீக்கிரம் வேலை செய்யும்?"

"என்ன அவசரம்?"

"ரெண்டாம் நாள்ல ஒரு வெள்ளைச் சோபாவுல உட்காரணும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். அக்கா முழுக் கதையையும் சொன்னாள். பாலிதீன் உறை, பாடம், ஜிப், மை எல்லாம். மை வந்த இடத்தில் டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த கர்ப்பப்பைப் படத்தை ஆழ்ந்து படித்தேன்.

"அப்ப அவசரப்படவே கூடாது" என்றார் டாக்டரம்மா. "பாதி குணமானதோட போய் உட்கார்ந்து, ஒரு பொட்டு பட்டுச்சுன்னா அந்த ஆள் ஜெயிச்சுடுவான். லூப் வச்சதும் சில மாசம் திட்டுத் திட்டா பட்டுக்கிட்டே இருக்கும். எடுத்துப் போட்டுடலாம்னு எரிச்சல் வரும். பொறுத்துக்கணும். அதுவரை அந்த மாத்திரையும் இரும்புச் சத்தும். எல்லாம் அடங்கினப்புறம் போங்க. போறப்ப நல்லா சாஞ்சு உட்காருங்க."

ஒரு மருத்துவர் வாயிலிருந்து இவ்வளவு வன்மமான ஆலோசனையை நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து வந்த மாதங்கள் சுலபமாக இல்லை. முதல் இரண்டு மாதம் தினமும் ஏதாவது பட்டது. இடுப்பு வலி. இரும்பு மாத்திரை வயிற்றைக் கட்டியது. ஒருநாள் அக்கா, "இந்தச் சனியனை எடுத்துடச் சொல்லப் போறேன்" என்று கிளம்பியேவிட்டாள். நான் வாசலில் நின்று, "அக்கா சோபா இன்னும் அங்கதான் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். திரும்பி உள்ளே போய் மாத்திரையை விழுங்கினாள். மெல்ல மெல்லக் குறைந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. கன்னத்தில் நிறம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் போர்வையை உருவினாள்.

"எழுந்திருடா. இன்னைக்கு எனக்கு லீவு. ரெண்டாம் நாள்."

"எப்படி இருக்கு?"

"பேருக்கு இருக்கு" என்றாள். அவளிடம் இருந்ததிலேயே வெளுத்த உடையைப் போட்டிருந்தாள்.

ஞாயிறு என்பதால் கடையில் கூட்டம். அக்கா நடுவிலிருந்த பெரிய வெள்ளைச் சோபாவுக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்னபடி நன்றாகச் சாய்ந்து. நான் பக்கத்தில். குஷன் ஓடிவந்தார்.

"என்னம்மா இது? எழுந்திரு. ஸ்டாஃப் உட்காரக் கூடாதுன்னு தெரியாது?"

"இன்னைக்கு நான் ஸ்டாஃப் இல்ல சார், கஸ்டமர்." சுவர் எழுத்தைக் கைகாட்டினாள். "உட்கார்ந்து பார்க்கறேன். பிறகு பேசலாம்."

பக்கத்துச் சோபாக்காரர்கள் திரும்பினார்கள். குஷன் குனிந்து பல்லைக் கடித்தார். "எந்த நாள்னு பார்த்துத்தான் வந்தியா?"

"ஆமா சார், ரெண்டாம் நாள்" என்றாள் அக்கா, கடை முழுக்கக் கேட்கும்படி. "இந்தத் துணியில கறை பட்டா போகுமா சார்?"

குஷனுக்குக் கழுத்து சிவந்தது. எதிரே ஒரு குடும்பம், கையில் குழந்தையோடு ஓர் அம்மா, எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"போகும்... மேடம். உறையில ஜிப் இருக்கு."

"ரத்தக் கறை?"

"எந்தக் கறையும்... பச்சைத் தண்ணியில..."

"அப்ப ஓய்வறை வாசல்ல ஒண்ணு மாசக்கணக்கா கிடக்கே, அதுக்கு ஜிப் இல்லையா சார்? கழட்டி அலசிக் காட்டுங்களேன். பார்த்துட்டு வாங்கறேன்."

"ஆமா சார், காட்டுங்க" என்றாள் குழந்தைக்காரி. "எங்க வீட்டுல இது கொட்டாத சாமானே இல்ல."

ஊழியர்கள் அதற்குள் 'அக்கா சோபா'வைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. குஷன் பாலிதீனை உரித்து, ஜிப்பை உருவி, உறையைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். பின்கதவு திறந்தே இருந்தது. குழாயடியில் குந்தித் தேய்த்தார். மாதக்கணக்கில் ஊறிய கறை அவ்வளவு லேசில் போகுமா?

"இன்னும் கொஞ்சம் சோப்பு போடுங்க சார்" என்று குரல் கொடுத்தாள் அக்கா, கால்மேல் கால் போட்டபடி. "நடுவுல தேய்ங்க. அவசரமே இல்ல, நான் உட்கார்ந்துதான் இருக்கேன்."

சட்டைக் கை முழங்கைவரை நனைந்து, அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். புதிதாகச் சேர்ந்த பெண்கள் வரிசையாக நின்று பாடம் கற்றுக்கொண்டார்கள்.

குழந்தைக்காரி அந்த மாடலையே வாங்கினாள். விற்றுக்கொடுத்தது அக்காதான், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

பிறகு அக்கா எழுந்தாள். உடையை நீவவில்லை, கையால் தடவவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. நேராக வாசலைப் பார்த்து நடந்தாள்.

நானும் எழுந்து அவள் பின்னால் போனேன். வாசல்வரை போயிருப்பேன். குடையை மறந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அன்று நான் குடை கொண்டுவரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன், நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தேன், பிறகு யாரும் கவனிக்காதபோது தூசி தட்டுவதுபோல் கையால் ஒருமுறை தடவினேன்.