விரிசல் மேல் ஒட்டிய காகிதம்

எங்கள் தெருவில் பாழடைந்து கிடந்த பெரிய வீட்டை வாசகசாலை ஆக்குவதற்காக ஞாயிறுதோறும் நாங்களே கூடி வேலை செய்தோம். வீடு அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே பிடிவாதம். பழைய புகைப்படத்தில் இல்லாத எதையும் விட்டுவைக்கவில்லை. அப்படித்தான் போன வாரம் கூடத்தின் குறுக்கே நின்ற பலகைத் தடுப்பையும் பிடுங்கி எறிந்தோம். அதை யார், எதற்காக வைத்தார்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

இந்த வாரம் வந்து பார்த்தால் உத்தரத்துக்குக் கீழே சுவரில் விரிசல். எங்களுக்கு உதவிக்கு வந்த கொத்தனாரின் முகம் மாறிவிட்டது. விரிசலின் குறுக்கே மெல்லிய காகிதம் ஒன்றைப் பசை தடவி ஒட்டச் சொன்னார்.

"சுவர் நகர்ந்தா காகிதம் கிழியும். கிழிஞ்சா உள்ள யாரும் நிக்கக் கூடாது. மாடிக்குப் போகவே வேணாம்," என்று சொல்லிவிட்டு, முட்டுக் கொடுக்க மரம் கொண்டுவரப் போனார்.

காகிதத்துக்கு என்னைக் காவல் வைத்தார்கள். என் தம்பி எனக்கு வைத்த பெயர் தொடைநடுங்கி. பயப்படுகிறவள் கண்ணை எடுக்கமாட்டாள் என்று அவன்தான் சிபாரிசு செய்தான்.

பசைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது காகிதம் இரண்டாகக் கிழிந்திருந்தது. அடிவயிற்றிலிருந்து அலறினேன். எல்லோரும் விழுந்தடித்து வெளியே ஓடினார்கள். தம்பி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நான்தான்க்கா நகத்தால கிழிச்சேன்!"

வாசலில் நின்றவர்கள் அவனைத் திட்டினார்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தத் தைரியத்தில் அவன் சுரண்டியை எடுத்துக்கொண்டு, ஜன்னல் பெயிண்டைச் சுரண்ட மாடிக்கே போய்விட்டான்.

நான் முணுமுணுத்துக்கொண்டே புதுக் காகிதம் ஒட்டினேன். பசை இன்னும் காயவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை விழுந்து, நீண்டது. பக்கத்தில் யாருமே இல்லை. என் தலையில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

கத்தினால் தம்பி நம்பமாட்டான். என்னை இன்னும் பயமுறுத்த மாடித் தரையிலேயே தொம் தொம்மென்று குதிப்பான். அவனை எனக்குத் தெரியாதா?

"டேய், டீ வந்தாச்சு. ஆறிடப் போகுது," என்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ!

"பிஸ்கட் இருக்கா?"

"இருக்கு. வாடா."

தலைக்கு மேல் அவன் நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் காகிதம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. படியில் அவன் கால் தெரிந்ததும் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தேன்.

"எங்கேக்கா டீ?" என்று கேட்டு வாய் மூடவில்லை, மாடித் தரை மொத்தமும் கூடத்தில் இறங்கியது. வாசல் வழியே புழுதி எங்கள் மேல் வந்து விழுந்தது.

அவன் வீட்டையே வெறித்துப் பார்த்தான்.

"அக்கா, நீ கத்தியிருந்தா நான் குதிச்சிருப்பேன்."

"தெரியும்டா," என்றேன். அவன் சட்டையைப் பிடித்த என் விரல்கள் இன்னும் விடவில்லை.