பிரேக் இல்லாத முன் இருக்கை

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். இப்போது முதலாளியே அப்படித்தான் கூப்பிடுகிறார். பழகும் வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. எதிரே நாய் வருகிறதோ இல்லையோ, என் வலது கால் முந்திக்கொண்டு போய் அதன்மேல் உட்கார்ந்துவிடும். அந்தக் காலால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை.

வீட்டுக்காரர் பைபாஸ் செய்துகொண்டு வந்த பிறகு அந்தக் கால் வீட்டுக்குள்ளும் வேலை பார்க்க ஆரம்பித்தது. உப்பு, மாடிப்படி, கோபம் எல்லாவற்றுக்கும் தடை போட்டேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரிலுள்ள கட்டடமெல்லாம் ஏறி இறங்கிய மனுஷன், வைத்த இடத்தில் வைத்த சாமான் மாதிரி இருந்தார். என்ன சமைக்கட்டும் என்றால், ஏதோ ஒன்று என்பார். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு வருஷமாக இவர் எதையுமே வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்குப் பயம் தந்தது அதுதான்.

மகள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக எங்களை ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பினாள். செங்குத்தான பாறை உச்சியில் வரிசையாகச் சின்னச் சின்ன விடுதி அறைகள். போய்ச் சேர்ந்த சாயங்காலம் நான் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், இவர் தரையில் குப்புறக் கிடக்கிறார். கிட்டே ஓடினால், காதைத் தரையில் வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“கீழ பெரிய கூட்டமே இருக்கும்மா. விடாம பேசிக்கிட்டே இருக்காங்க.”

காற்றாக இருக்கும் என்றேன். லிஃப்ட் குழிக்குள் நின்று எது கம்பிச் சத்தம், எது சக்கரச் சத்தம் என்று பிரித்துச் சொன்ன காது அது. என் பேச்சை எங்கே கேட்கும்? மறுநாள் காலையில் அவரே படியிறங்கிப் போய், கரையில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை வாடகைக்கு விடுகிற பெண்ணிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். பாறையின் கடல் பக்கச் சுவர் பூராவும் கடற்பறவைகள் கூடு வைத்திருக்கின்றனவாம். மேலே வேலி போட்டிருப்பதால் எட்டிப் பார்க்க முடியாது. கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் தெரியுமாம்.

“எனக்கு அதைப் பார்க்கணும்,” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரே சமயத்தில் சந்தோஷமும் பயமும். வேண்டாம் என்றால் இனி ஜென்மத்துக்கும் வேறொன்று கேட்க மாட்டார். சரி என்று சொல்லி நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பழியோடு நான் எப்படி இருப்பேன்? டாக்டருக்குப் போன் போட்டேன். மெதுவாகத் துடுப்புப் போடலாம், மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும் என்றார். அவர் சொல்லிவிட்டார், பக்கத்தில் இருக்கப்போவது நான்தானே.

அன்று பகல் முழுக்க எனக்குத் திட்டம் போடுவதே வேலை. மாத்திரையைத் தண்ணீர் புகாத உறைக்குள் வைத்தேன், போனை இன்னொரு உறைக்குள் வைத்தேன். அந்தக் கயாக் பெண்ணிடம் காற்று எப்போது கிளம்பும், அலை எந்தப் பக்கத்திலிருந்து வரும், கரையேற வேறு இடம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டேன். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்றாள் அவள். ஆனாலும் பொறுமையாகப் பதில் சொன்னாள். இருவர் போகும் கயாக்கில் நாங்கள், கூடவே ஒற்றைக் கயாக்கில் அவள். காற்று எழும்புவதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். அதற்கு முன்னால் ஆழமில்லாத இடத்தில் ஒருமுறை கவிழ்ந்து, திரும்ப ஏறிக் காட்டினால்தான் அழைத்துப் போவாளாம்.

அன்று சாயங்காலமே பழகிப் பார்க்கப் போனோம். பின் இருக்கையில் காலுக்கு இரண்டு மிதிகள் இருந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாரையும் கேட்காமல் அதில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவரின் தோளும் கழுத்தும் கண்ணெதிரே தெரியும். வேறென்ன வேண்டும்?

முழங்கால் ஆழத்தைத் தாண்டியதும் ஒரு அலை வந்தது. பெரிய அலை என்று சொன்னால் பொய். ஆனால் அது எதிரே வருகிறது என்று கண்டதும் என் வலது கால் தன் வழக்கப்படி முழுப் பலத்தோடு மிதித்துவிட்டது. கயாக் நிற்கவில்லை. சட்டென்று வலது பக்கம் திரும்பி, அலைக்குத் தன் விலாவைக் காட்டியது. அடுத்த நொடி இருவரும் உப்புத் தண்ணீருக்குள்.

எழுந்து, “ஏங்க, ஏங்க” என்று கத்தினேன். அவர் அதற்குள் அந்தப் பெண்ணோடு சேர்ந்து கயாக்கை நிமிர்த்தி, வயிறு தேய ஏறி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து எனக்குக் கை கொடுத்தார். கவிழ்ந்து ஏறுகிற சோதனையில் அவர் தேறிவிட்டார், நான்தான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இது ரெண்டும் திருப்பறதுக்கு,” என்றாள் அந்தப் பெண். “நிறுத்தறதுக்குக் கடல்ல ஒண்ணும் கிடையாது.”

இடத்தையும் மாற்றிவிட்டாள். அவர் பின்னால், நான் முன்னால். என் காலுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கட்டை மட்டும். அதுகூடப் பரவாயில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஆடும் என்று சொன்னாளே, அதுதான் கொடுமை. ஒரு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தைத்தான். உதடு வெளுக்கிறதா, நெற்றி வேர்க்கிறதா என்று தூங்கும்போதுகூட விடவில்லை. இப்போது எனக்கு மிஞ்சியது அவர் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும். அது கேட்கிறவரைக்கும் அவர் நன்றாக இருக்கிறார் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அப்படித்தான் கிளம்பினோம்.

பாறையின் மூக்கைச் சுற்றினோம். முதலில் வந்தது நாற்றம். அப்புறம் சத்தம். அப்புறம் அந்தச் சுவர்.

எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடலிலிருந்து நிமிர்ந்து, வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு எங்கெல்லாம் இடம் உண்டோ அங்கெல்லாம் பறவை. ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு, முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, ஆயிரமா லட்சமா, யார் எண்ணுவது? திடீரென்று ஒரு பகுதி உதிர்ந்து, உதிர்ந்தது அப்படியே பறந்தது. குஞ்சுகள் வாயைத் திறந்து கத்தின, தாய்கள் திரும்பக் கத்தின. உச்சியில், நகம் அளவுக்கு எங்கள் விடுதிக் கூரை தெரிந்தது. அந்தக் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டுதான் நான் உப்பையும் மாத்திரையையும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கீழே இத்தனை உயிர் இப்படித் தொற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாயைத் திறந்தபடியே எவ்வளவு நேரம் இருந்தேனோ.

அப்புறம்தான் உறைத்தது. அவரை மறந்துவிட்டேன். அவர் துடுப்புச் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது என்றும் தெரியவில்லை. கூப்பிட்டேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கயாக் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அது அலையால் வருகிற நடுக்கம் இல்லை.

திரும்பவும் முடியாமல், பக்கத்தில் மிதந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அவர் தெரிவார். ஏதாவது ஆகியிருந்தால் அந்த முகத்தில் தெரிந்துவிடும். அவள் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகிறார் என்று கையால் ஜாடை காட்டினாள். நெஞ்சைத் தொட்டு, அதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் காட்டினாள். அப்போதுதான் நான் துடுப்பை மடியில் இறக்கி வைத்தேன்.

காற்று எழும்பப் போகிறது, திரும்பலாம் என்று அவள் விசில் ஊதினாள். பின்னாலிருந்து அவர் குனிந்து, என் முதுகுக்குக் கிட்டே வந்து கேட்டார்.

“நாளைக்கும் வரலாமாம்மா?”

ஒரு வருஷமாக நாளைக்கு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நன்றாகவே காதில் விழுந்தது. ஆனாலும் பறவைச் சத்தத்தில் கேட்காதவள் போல அசையாமல் இருந்தேன்.

அவர் இன்னும் உரக்க, இன்னொரு முறை கேட்டார்.