என்ன கறை, எதனால?

கேளுங்க செல்லங்களா, ஒருத்தரைப் பார்த்து ஒரு சொல்லை வீசும் முன்னால் அதை நம் வாய்க்குள்ளேயே ஒரு தரம் உருட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாவிக்கொத்தருக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று.

அவர் மாடிக் குடியிருப்பின் செயலாளர். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி குலுங்கும். ஆள் வருவதற்கு முன் சத்தம் வரும். அவர் வாயில் அகப்பட்டவள் கறையக்கா. லாண்டரியில் துணிகளின் கறை எடுக்கிற வேலை, அதனால் அந்தப் பெயர். குடியிருப்பில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அக்காதான். கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய வீடு.

ரயில் பாதை வேலியோரம் முட்புதர்கள் காடாக மண்டிக் கிடக்கும். வருஷம் ஒருமுறை அதில் சின்னச் சின்னதாய்க் கறுப்புப் பழம் காய்க்கும். முள்ளுப்பழம் என்றே எல்லாரும் சொல்வார்கள், யாரும் சீண்ட மாட்டார்கள். கறையக்கா கைகளில் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு பறித்து வருவாள். காலுறையையும் மீறி முழங்கை வரை கீறல். பழத்தைக் கையாலேயே பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, துணி மூடி வைத்து, நுரை அடங்கத் தொடங்கியதும் வடிகட்டிப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றுவாள். ஜாடி வாயில் ஒரு ரப்பர் தக்கை. தக்கையில் துளையிட்டு ஒரு மெல்லிய குழாய். குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். உள்ளே பொங்குகிற காற்று அந்தத் தண்ணீர் வழியே 'டுப்... டுப்...' என்று வெளியேறும். ஜாடி இருக்கும் இடம் படிக்கட்டின் அடியில் உள்ள இருட்டறை. அந்தச் சுவர்தான் அவள் அடுப்படிச் சுவர். பாத்திரம் துலக்கும்போதே காதை வைத்துக் கேட்பாள். குழந்தை தூங்குகிறதா என்று பார்ப்பதுபோல.

போன வருஷத்து ஒயினில் சாவிக்கொத்தரும் மூன்று பாட்டில் குடித்தவர்தான். "அமிர்தம்மா, அமிர்தம்" என்று உதட்டைச் சப்புக்கொட்டியவர்தான். இந்த வருஷம் செயலாளர் ஆனதும் மூக்கு நீண்டுவிட்டது. இருட்டறைக்குப் பூட்டு போட்டார். அத்தோடு நில்லாமல், எல்லாரும் வேலையிலிருந்து திரும்புகிற நேரமாகப் பார்த்துப் படியில் நின்று கத்தினார்:

"இது குடியிருப்பா, சாராயக் கடையா? சாராயக்காரிக்கெல்லாம் இங்க இடம் கிடையாது!"

சாராயக்காரி! கறையக்காவின் காதில் காய்ச்சிய எண்ணெயை ஊற்றியதுபோல இருந்தது. மேல்வீட்டு அண்ணி கையில் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். கறையக்காவின் புருஷனோ, "விடு, அவர் வாய் அவ்வளவுதான்," என்று சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"விடுறதா? உங்களைச் சொல்லியிருந்தா விட்டிருப்பேன்," என்றாள் கறையக்கா. "எத்தனை பேர் முன்னால சொன்னாரோ அத்தனை பேர் முன்னால அந்த வாயாலேயே திருப்பி வாங்கிக்கணும். இல்லேன்னா நான் ஓயமாட்டேன்."

மறுநாள் பாத்திரம் துலக்கும்போது சுவருக்குள் சத்தமே இல்லை. பொங்கி முடிய இன்னும் நாள் இருக்கிறது, நிற்க நியாயமே இல்லை. ஈரக் கையோடு மாடிக்கு ஓடினாள்.

"ஐயா, ஜாடியை ஏதாவது செஞ்சீங்களா?"

"அந்த நாத்தம் வெளிய வரக்கூடாதுன்னு குழாய் வாயில டேப் ஒட்டிட்டேன். தக்கையையும் கம்பி போட்டு முறுக்கிட்டேன். போதுமா?"

அவளுக்குப் பதறியது. "ஐயோ, உள்ள காத்து பொங்கிக்கிட்டே இருக்கும். வெடிச்சா கண்ணாடி தெறிக்கும். படியில பிள்ளைங்க விளையாடுது. சாவியைக் கொடுங்க, டேப்பை மட்டும் பிச்சிடறேன்."

"மிரட்டுறியா? சாயங்காலம் கூட்டம் இருக்கு. எல்லாரும் பார்க்கட்டும், நானே திறந்து காட்டுறேன்."

அவள் பிள்ளைகளை எல்லாம் படியிலிருந்து விரட்டிவிட்டு, அந்த அறைக்கு எதிரிலேயே ஒரு நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். வேலைக்குப் போகவில்லை. சம்பளம் பிடிப்பார்கள், பிடித்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் சாவிக்கொத்தர் புது வெள்ளைச் சட்டையோடு இறங்கி வந்தார். மகள் கல்யாணத்துக்குத் தைத்தது. கூட்டத்தில் கொஞ்சம் மினுக்கிக்கொள்ளலாமே என்ற ஆசை. பூட்டைத் திறந்தார்.

"பாருங்க, எல்லாரும் பாருங்க!"

"டேப்பை முதல்ல பிச்சு விடுங்க. கம்பியைத் தொடாதீங்க!"

"எனக்கே உத்தரவா?" என்று கம்பியைத்தான் முறுக்கி அவிழ்த்தார் மனுஷர்.

தக்கை மேலே போய்க் கூரையில் மோதியது. பின்னாலேயே ஊதா நிறத்தில் நுரை பீய்ச்சி அடித்தது, தலையில், மீசையில், அந்த வெள்ளைச் சட்டையில். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நனைந்த கோழிபோல நின்றவர் என்ன சொன்னார் தெரியுமா?

"சாராயக்காரி! பார்த்தீங்களா, சாராயக்காரி!"

ஒருவரும் சிரிக்கவில்லை. கறையக்கா பாதி காலியான ஜாடிக்குத் தக்கை மாட்டி, டேப்பைப் பிய்த்துக் குழாயைத் தண்ணீரில் விட்டாள். அவர் திரும்பவும் பூட்டைப் போட்டுவிட்டுப் போனார். அன்று சுவரோரம் டுப் டுப் கேட்டது. ஆனால் அந்தச் சொல்லை அவர் இன்னும் திருப்பி வாங்கவில்லை.

மறுநாள் லாண்டரியில் வரிசை நின்றது. அந்த லாண்டரியில் ஒரு வழக்கம் உண்டு. கறை பட்ட துணி கொண்டுவருகிறவர், அது என்ன கறை, எதனால் பட்டது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபடி சீட்டு குத்தினால்தான் துணி உள்ளே போகும். யாரோ ஒருத்தர் பொய் சொல்லி ஒரு பட்டுப் புடவை பாழான பிறகு முதலாளி போட்ட விதி அது.

வரிசையில் சாவிக்கொத்தர் அந்த வெள்ளைச் சட்டையோடு, சாவியைக் கையில் அமுக்கிப் பிடித்து நின்றார், சத்தம் வராமல். கறை எடுக்க அந்தப் பக்கம் வேறு கடை இல்லை. அவர் பின்னால் மேல்வீட்டு அண்ணி, அதற்கும் பின்னால் குடியிருப்பில் பாதிப் பேர்.

கறையக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கறை, எதனால?"

"ஏதோ... தெறிச்சிடுச்சு."

"ஏதோவுக்கு மருந்து இல்லைங்க. நேத்து படியில சாராயம்னு சொன்னீங்களே. அப்படியே எழுதட்டுமா? ஆனா ஒண்ணு, எழுதினதுக்குத் தகுந்த மருந்தைத்தான் போடுவேன். கறை போகலேன்னா கேட்கக்கூடாது."

அவர் முகம் சட்டையில் பட்ட கறையின் நிறத்துக்கு வந்தது. "அதில்லம்மா. பழக் கறை."

"என்ன பழம்?"

"முள்ளுப்பழம். ஒயின். வீட்டுல போடற ஒயின்."

"காதுல விழல, மெஷின் ஓடுது."

"பழ ஒயின்!" என்று கத்தினார். கடை முழுக்கக் கேட்டது.

"யார் போட்டது?"

"நீதான்... நீங்கதான்."

"அப்ப நான் யாரு?"

பின்னால் அண்ணி, "சொல்லுங்க அண்ணே, வரிசை நகரணும்," என்றாள்.

சாவிக்கொத்தர் தலையைக் குனிந்துகொண்டார். "சாராயக்காரி இல்ல. அந்தச் சொல்லு தப்பு. நான் சொல்லியிருக்கக் கூடாது."

கறையக்கா சீட்டை எழுதிச் சட்டையில் குத்தினாள். அப்புறமும் கையை நீட்டியபடியே நின்றாள். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கொத்திலிருந்து இருட்டறைச் சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அந்தச் சட்டையைத் தொட்டியின் மேல் இறுக்கக் கட்டி, கொதிநீரை உயரத்திலிருந்து ஊற்றி, கறை முழுக்கப் போகும்வரை அவள்தான் அலசினாள். கோபம் கோபத்தோடு, வேலை வேலையோடு.

ஒயின் தெளிந்ததும், மிஞ்சியதைப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்கு வீடு கொடுத்தாள். சாவிக்கொத்தர் வீட்டுக்கும் ஒன்று போயிற்று. ஆனால் அதை அவர் மனைவி கையில்தான் கொடுத்தாள்.

"இது உங்களுக்கு மட்டும். அவர் கேட்டா, சாராயம் நம்ம வீட்டுல கிடையாதுன்னு சொல்லிடுங்க."