களிமண் சுவரில் பதினைந்து நிமிடம்

செங்கல் சூளையின் களிமண் குழியில் மண்ணாய்வாளர் வைக்கே காலையிலிருந்தே மண்வெட்டியும் கையுமாக நின்றாள். சுவரைச் சீவிச் சீவி வழவழப்பாக்கியிருந்தாள். பனிப்பாறை உருகிய காலத்து ஏரி, வருஷத்துக்கு ஒரு வரியாகப் படியவிட்ட மண் அது. எஸ்டோனியா உலகப் படத்தில் கடுகளவு நாடுதான். அந்தக் கடுகுக்குள் ஆயிரம் வருஷம் வரிவரியாக இருந்தது.

பத்தொன்பது வருஷமாக அவள் வரி அளந்தாள். கடலுக்கு அக்கரையில், பின்லாந்தில், ரெய்னோ என்பவர் அதே ஏரியின் வரிகளை அளந்தார். சோவியத் ஆட்சிக் காலம்; மாஸ்கோ பிரித்துப் படிக்கும் கடிதத்தில் அளவுகளைத் தவிர வேறு எதை எழுதித் தொலைப்பது? ஒரே வருஷத்து வரிகள் இரு கரையிலும் ஒத்துப்போக வேண்டும்; ஆனால் இரண்டு கணக்கும் எங்கேயும் பொருந்தவில்லை. போன வருஷம் இந்தப் புதுச் சுவரை வெட்டினாள். இதன் அளவுகளை அனுப்ப அனுமதி கிடைக்கவில்லை. இதுவும் பொருந்தாவிட்டால் இருவர் உழைப்பும் வீண்.

மண்ணாய்வு மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவரின் பேருந்து மதியம் வந்தது. ரெய்னோ இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கண் பார்வை போயிருந்தது. அது எந்தக் கடிதத்திலும் இல்லை.

"பதினஞ்சு நிமிஷம்தான்," என்றாள் மாஸ்கோவிலிருந்து வந்த வழிகாட்டி.

"வைக்கேம்மா, நீங்க வாசிங்க," என்றார் ரெய்னோ. "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

அவள் அளவுகோலை வைத்தாள். "நாலு மில்லிமீட்டர். ரெண்டு. ரெண்டு. அஞ்சு."

"இருங்க," என்றார் அவர். "என் கணக்குல அடுத்தது ஏழு."

வைத்துப் பார்த்தாள். ஏழு.

"அப்புறம் ஒண்ணு, ஒண்ணு, மூணு. அதுக்கப்புறம் ஒம்போது. அந்தக் கோடைக்கு வெயில் கொளுத்திப் பனி நிறைய உருகியிருக்கும்!"

ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்பது. "அப்படியே இருக்குங்க. எல்லாமே மனப்பாடமா?"

"வேற யாரு இருக்கா எனக்கு, பேசறதுக்கு?"

முப்பது வருஷம் வரை போனார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பேருந்து ஹாரன் அடித்தது.

"நேரமாச்சு, பெரியவரே," என்றாள் வழிகாட்டி.

இருவருக்கென்று கட்டிவந்த மீன் வைத்த கறுப்பு ரொட்டியில் ஒன்றை வைக்கே அவர் கையில் திணித்தாள். "வழியில சாப்பிடுங்க."

"மிச்சத்தையும் எண்ணி எழுதுங்க," என்றபடி அவர் ஏறினார்.

புழுதி அடங்கியது. இவ்வளவு பெரிய சந்தோஷம் கிடைத்தும், சொல்ல ஓர் ஆள் இல்லை. அவள் அடுத்த வரியில் அளவுகோலை வைத்தாள்.

"ஆறு," என்று உரக்கச் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் அடுத்த எண்ணுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.