சொன்ன பேச்சைக் கேட்கும் பெரியம்மா

குதிரையிடம் மன்னிப்புக் கேட்கும் ஆளை அந்தக் குதிரையேற்றப் பள்ளி அதுவரை பார்த்ததில்லை. ஏறும்போது ஒரு சாரி. இறங்கும்போது ஒரு சாரி. குதிகாலால் விலாவை லேசாகத் தொட்டால் அதற்கு ஒன்று. குதிரை தும்மினால்கூட, ஏதோ இவள்தான் அதன் மூக்கில் பொடி போட்டுவிட்டது போல, "சாரி பெரியம்மா" என்பாள்.

பெரியம்மா என்பது குதிரையின் பெயர். பதிவேட்டில் வாய்க்குள் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. லாயத்து ஆட்கள் அதைச் சீந்தவில்லை. பழுப்பு நிறம், பானை வயிறு, பதினாறு வயது. குடும்ப விசேஷங்களில் நாற்காலியை விட்டு எழாமலே மற்ற எல்லாரையும் எழவைக்கும் பெரியம்மா ஒருவர் இருப்பாரே, அந்த முகம் அச்சு அசலாக அதற்கு. ஏழு வயதுப் பொடிசுகள் ஏறினால் பஞ்சு மாதிரி நடக்கும். கண்ணாடிக் கடை முதலாளியின் மகள் ஏறினால் தடைகளைத் தாண்டிப் பறக்கும். இவள் ஏறினால் மட்டும், தாண்ட வேண்டிய இடம் வந்ததும் நாலு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு நிற்கும்.

"பெரியம்மாவுக்கு ஆளைப் பாத்தாலே தெரியும்" என்பார் கோச். "மேல உக்காந்திருக்கறது ஆளா, மூட்டையான்னு."

"சாரி கோச்."

இதுதான் பதினொரு மாதமாக நடந்த உரையாடல்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. பள்ளியின் வரவேற்பு மேசையில் வேலை. உறுப்பினர்கள் வருவதற்கு முன் விடிகாலையில் ஊழியர்கள் விரும்பினால் ஏறிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது, அதில் ஒட்டிக்கொண்டாள். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்தப் பட்டத்துக்காக எத்தனை அலுவலக ஜன்னல்களின் முன்னால் முதுகை வளைத்தாள் என்பதை யாரும் சான்றிதழில் அச்சடித்துத் தரவில்லை. ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் அவள் தாளைத் தொலைப்பார், இவள் சாரி கேட்பாள். ஒரு வார்த்தையைத் தப்பாக உச்சரித்தாள் என்று வகுப்பே சிரிக்கும், சிரித்தவர்களுக்குத் தொந்தரவு கொடுத்ததற்காக இவள் சாரி கேட்பாள். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டு, அந்தக் கதவிடமும் கேட்டாள். கதவு பெருந்தன்மையாகப் பேசாமல் இருந்தது.

அப்படிப்பட்டவள் உதவிப் பயிற்றுநர் தேர்வுக்குப் பெயர் கொடுப்பாளா? அவள் கொடுக்கவில்லை. தங்கை கொடுத்தாள். விண்ணப்பப் பட்டியல் வரவேற்பு மேசையின் மேலேயே கிடந்தது. அக்கா மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்த தங்கை, பேனாவை எடுத்துப் பெரிய எழுத்தில் அக்காவின் பெயரை எழுதிவிட்டாள்.

"ஐயோ, என்னடி பண்ற! நான் எங்கடி தாண்டப் போறேன்?"

"அப்ப அடிச்சுடு. பேனா அங்கதான் இருக்கு."

அடித்தால் பட்டியல் அசிங்கமாகிவிடும், பட்டியலைத் தயாரித்தவர் வருத்தப்படுவார் என்று அவள் அடிக்கவில்லை. வாழ்க்கையில் அவளுக்கு நடந்த நல்ல காரியங்களில் பாதி இப்படித்தான் நடந்தது.

தேர்வு எளிமையானது. எட்டுத் தடைகள், மூன்று நிமிடம். குதிரை தடைகளின் முன்னால் மொத்தம் மூன்று தடவை நின்றுவிட்டால் மணி அடிக்கும், கிளம்பலாம். தேறினால் மேசையை விட்டு மணலுக்கு வரலாம். குதிரைகளோடு, சம்பளத்தோடு, வாத்தியாராக. தேறாவிட்டால் அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்து. அதுவரை தொலைபேசியில், "சாரி சார், ஆறு மணிக்கு இடமில்ல சார், சாரி சார்." பெரியம்மாவைத் தவிர வேறு குதிரை ஊழியர்களுக்குக் கிடையாது. இரண்டு வருடத்தில் பெரியம்மாவுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். ஆக, இதை விட்டால் விட்டதுதான்.

தேர்வு நாளன்று அவள் அம்மா வந்திருந்தார். பேருந்து ஓட்டுநர். இரண்டு நடைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் காக்கிச் சட்டையோடு வந்து வேலிக் கம்பியில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் தங்கை. கொஞ்சம் தள்ளிக் கண்ணாடிக் கடை முதலாளியின் மகளும் அவள் தோழிகளும். நடுவில் மேசை போட்டுத் தேர்வாளர் மேடம், கறுப்புக் கண்ணாடி, கையெட்டும் தூரத்தில் மணி.

"இந்தக் குதிரைக்கு ஹாரன் எங்கம்மா இருக்கு?" என்று அம்மா கத்தினார்.

அவளுக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. வராதது நல்லதாகப் போயிற்று. முதல் தடையை நோக்கிக் கிளம்பியபோது பயத்தில் ஒரு சத்தமும் எழும்பவில்லை; பெரியம்மா ஒரு மூச்சு விட்டுவிட்டு, படி தாண்டுவது போல அதைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. பின்னங்குளம்பு கம்பில் 'டக்' என்று பட்டது. கம்பு ஆடியது, விழவில்லை.

"சாரி பெரியம்மா!" என்றாள் அவள். பழக்கம்.

மூன்றாவது தடையின் முன்னால் பெரியம்மா நின்றது.

வேலிப் பக்கம் ஒரு 'உச்' கேட்டது. கோச் வானத்தைப் பார்த்தார். அவள் குதிரையைத் திருப்பிக்கொண்டு, தேர்வாளரைக் கடக்கும்போது "சாரி மேடம்" என்றாள். பெரியம்மா அங்கேயும் நின்றது. உதைத்துக் கெஞ்சிக் கிளப்பினாள். மறுபடி மூன்றாவது தடை. "சாரி சாரி, இந்த ஒரு தடவ மட்டும், சாரி!"

இம்முறை பெரியம்மா கம்புக்கு மேல் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. நின்ற வேகத்தில் அவள் சேணத்தை விட்டு முன்னால் வழுக்கி, கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ரயில் நிலையத்தில் சொந்தக்காரரை வழியனுப்புபவள் போல இருந்தது. தோழிகள் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது.

"ரெண்டு" என்றார் தேர்வாளர்.

இன்னும் ஒன்று. அவ்வளவுதான்.

கழுத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து சேணத்துக்கு வந்து சேர்ந்தாள். பெரியம்மா தானாகவே நடக்க ஆரம்பித்தது. வேலியோரம் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா! குதிரகிட்ட என்ன முணுமுணுன்னு கெஞ்சிக்கிட்டே இருக்க?" என்று கத்தினாள்.

"சாரிடி."

பெரியம்மா நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். முன்னே ஒரு தடையும் இல்லை, வெறும் மணல். பெரியம்மாவின் இடது காது பின்பக்கம் திரும்பி அவளையே கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்து என்ன, சொல்லு, என்பது போல.

அவள் குதிகாலால் தொட்டாள். நடந்தது.

"சாரி" என்றாள், மெதுவாக.

நின்றது.

தொட்டாள். நடந்தது. "சாரி." நின்றது. மறுபடி. நின்றது.

"என்னம்மா பண்ற?" கோச்சின் குரல் உடைந்தது. "நேரம் ஓடுது!"

அவள் காதில் அது விழவில்லை. சாரி என்று சொல்லும்போது தன் உடம்பு என்ன செய்கிறது என்று முதல்முறையாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். மூச்சு மொத்தமும் வெளியே போகிறது. தோள் இறங்குகிறது. முதுகு தளர்ந்து இடுப்பு சேணத்தில் அழுந்துகிறது. கை தானாகக் கடிவாள வாரை நெஞ்சுப் பக்கம் இழுக்கிறது. மூச்சை விடு, தோளை இறக்கு, இடுப்பை அழுத்து, வாரை இழு. முதல் வாரமே கோச் மனப்பாடம் செய்ய வைத்த பாடம். குதிரையை நிறுத்துவது எப்படி என்ற பாடம்.

பெரியம்மா ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை. பதினொரு மாதமாக, தடைக்கு முன்னால், நில் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது நின்றிருக்கிறது. இந்த உலகத்தில் அவளுடைய சாரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்ட ஒரே ஜீவன், நானூற்றைம்பது கிலோ எடையில் அவளுக்குக் கீழே நின்றுகொண்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்னதாக இல்லை. வயிற்றில் யாரோ கிச்சுகிச்சு மூட்டுவது போல, ஹெல்மெட் ஆட ஆட.

"அம்மா! இது நான் சொல்றதக் கேக்குது! ஆரம்பத்துலேர்ந்தே கேக்குது!"

"அப்ப போகச் சொல்லுடி!" என்றார் அம்மா.

"ஒரு நிமிஷம் பாக்கி" என்றார் தேர்வாளர்.

போகச் சொல்லலாம். ஆனால் வாய் இருக்கிறதே. இருபத்திரண்டு வருடப் பழக்கம். தடை கிட்டே வந்தால் தானாக அவிழ்ந்துவிடும். அதை அடைக்க வேறு எதையாவது வாய்க்குள் திணிக்க வேண்டும். பெரியம்மா பாய்ச்சலில் கிளம்பிவிட்டது, மூன்றாவது தடையின் சிவப்பு வெள்ளைக் கம்புகள் முகத்துக்கு நேரே பெரிதாகிக்கொண்டு வந்தன, சா என்ற எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. அதைக் கடித்து விழுங்கியபோது அதற்கு அடியில் கிடந்தது வெளியே வந்தது.

"என் சர்டிஃபிகேட்டத் தொலைச்சது நீங்க சார்! நான் எதுக்கு சார் குனிஞ்சு நின்னேன்!"

பறந்தார்கள். மணலில் இறங்கியபோது வேலிப் பக்கம், யார் அந்த சார் என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்காவது தடை, நீலப் பலகை.

"பஸ்ல என் கால மிதிச்சுட்டு மொறச்சுப் பாத்தீங்களே, ஐயா! அது என் காலு!"

"யாருடி அது? என் பஸ்ஸா?" என்று அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு எகிறினார். "எந்த நடை? எத்தன மணி நடை?"

பெரியம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது என்பது அதன் காதுகளில் தெரிந்தது. இரண்டும் முன்னால் நிமிர்ந்து நின்றன. மேலே மூச்சு நிறைந்து, முதுகு நிமிர்ந்து, நெஞ்சு விரிய ஒருத்தி கத்தினால் குதிரைக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: போ. ஐந்தாவதில் கண்ணாடிக் கதவுக்குப் பங்கு கிடைத்தது. "அங்க ஒரு கதவு இருக்குன்னு யாராவது ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும்!" பொதுநலக் கோரிக்கை. ஆறாவதில், செங்கல் சுவர் போல வர்ணம் அடித்த மரத் தடையின் மேல், "ஒரே ஒரு வார்த்த! ஒரு வார்த்தையத் தப்பாச் சொன்னேன்! மூணு வருஷமாடா சிரிப்பீங்க!" என்று அவள் போட்ட போட்டில், தோழிகள் கூட்டம் காரணம் தெரியாமலே தலையைக் குனிந்துகொண்டது.

ஏழாவது தடை கோச் நின்ற மூலையில் இருந்தது. அவர் மூஞ்சியில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"கோச்!"

"எ... என்னம்மா?"

"நான் மூட்ட இல்ல!"

பெரியம்மாவின் வயிறு அவர் தொப்பியின் உயரத்தில் கடந்து போனது. கோச் திரும்பி, தனக்குப் பின்னால் வேறு கோச் யாராவது நிற்கிறாரா என்று பார்த்தார். இல்லை.

எட்டாவது தடைக்குத் திட்ட ஆள் பஞ்சமில்லை. ஆனால் அவளுக்குச் சொல் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கண்ணில் நீர் முட்ட, வாயில் காற்று நிறைய, ஊ... என்று ஒரு நீள ஊளை. தங்கை வேலியோடு கூடவே ஓடிக்கொண்டு அதே ஊளையைப் போட்டாள். உச்சியில் ஒரு கணம், கீழே மணலும் மேசையும் மணியும் எல்லாம் சின்னதாகத் தெரிந்தன. இறங்கியதும் பெரியம்மா, பதினாறு வயதையும் பானை வயிற்றையும் மறந்து, பின்னங்கால்களைத் தூக்கி ஒரு துள்ளல் போட்டது. அவள் விழவில்லை. விழுந்திருந்தாலும் சிரித்துக்கொண்டேதான் விழுந்திருப்பாள்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடத்துக்கு நான்கு வினாடி குறைவு. எழுதினார். நிதானமாக எழுதினார். அந்த நிதானத்தில் அம்மாவுக்கு இரண்டு தடவை வியர்த்தது.

"இங்க வா."

குதிரை மேலேயே போனாள். தேர்வாளர் தாளை நீட்டினார். 'தேர்ச்சி' என்று எழுதியிருந்தது. குறிப்பு என்ற கட்டத்தில், 'சத்தம் மிக அதிகம்' என்று இருந்தது.

அவள் அதை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். இத்தனை நாள் கண்டக்டரின் விசிலுக்கு வண்டி எடுத்த அம்மா, முதல் தடவையாகத் தானே விசிலடித்தார்.

"நான் எப்பம்மா உன்ன மூட்டைன்னேன்?" என்று கோச் வந்து நின்றார். குரலில் பாதிதான் இருந்தது.

"செவ்வாக்கிழம ஒண்ணு. வியாழக்கிழம ரெண்டு."

"வியாழக்கிழம ஒண்ணுதான்."

"ரெண்டு, கோச்."

அவர் யோசித்தார். "சரி, ரெண்டு. திங்கக்கிழமலேர்ந்து பொடிசுங்க வகுப்பு உன்னோடது. ஆறு மணிக்கு வந்துடு."

தேர்வாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கொழந்தைங்க முன்னாடியும் இப்படித்தான் கத்துவியா?"

"மாட்டேன் மேடம். அதுக்குள்ள எல்லாரையும் திட்டி முடிச்சுடுவேன்."

"இன்னும் ஆள் இருக்கா?"

"ஒரு நாப்பது பேர் இருப்பாங்க மேடம்."

தேர்வாளர் அடுத்த ஆளின் தாளை எடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தாளைத் திரும்பக் கீழே வைத்தார். "அடுத்த ஆள் சேணம் கட்ட பத்து நிமிஷம் ஆகும். தடைய விட்டுட்டு ஓரமாச் சுத்திக்கிட்டே மிச்சத்தத் திட்டிக்கோ."

"பத்து நிமிஷத்துல நான் வண்டி எடுக்கணும்டி!" என்று அம்மா கத்தினார். "முக்கியமானவங்கள மொதல்ல முடி!"

அதற்குள் அவள் பாதி வட்டம் போயிருந்தாள்.