வாரத்துக்கு வந்த வெள்ளைச்சி

அமிர்தவள்ளி அதுவரை எத்தனையோ கோழி வளர்த்திருந்தாள், ஒன்றுகூட அவளுடையதில்லை. எல்லாம் வாரக் கோழி. கோழி ஒருத்தருடையது, தீனியும் காவலும் இன்னொருத்தருடையது, குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி. அந்தப் பாதியும் அவளிடம் தங்கியதில்லை. ஒருமுறை பருந்து, ஒருமுறை கழிச்சல் நோய். எல்லாம் தப்பிப் பிழைத்தால், நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கிக் குழம்பாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

காட்பாடி மிஷன் பங்களாவில் சமையல் செய்யும் சவுரியம்மாள் ஒரு நாள் மேல்விஷாரத்தில் அமிர்தவள்ளி வீட்டுக்குக் கூடையோடு வந்தாள். உள்ளே துரைசானி கொடுத்த சீமைக் கோழி, லெகார்ன். உடம்பெல்லாம் வெள்ளை. சிவப்புக் கொண்டை சாய்ந்து ஒரு கண்ணை மறைத்தது.

"பங்களாவுல நாய்த் தொல்லை ஜாஸ்தி. வாரத்துக்கு வெச்சுக்கிறியா அமிர்தம்? கிறிஸ்துமஸுக்கு வந்து என் பங்கைப் பாத்துக்கிறேன்."

அமிர்தவள்ளிக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மாதிரி ஒன்று தனக்கே தனக்கென்று வேண்டும் என்று அந்த நிமிஷமே ஆசை விழுந்துவிட்டது. பாதிக் குஞ்சு வந்தால் அதில் ஒன்றாவது பெட்டையாக இருக்காதா?

வெள்ளைச்சி முட்டையிட்டது. இட்டுக்கொண்டே இருந்தது. நாட்டுக் கோழி என்றால் பத்துப் பன்னிரண்டு இட்டதும் மரியாதையாக அடைக்கு உட்காரும். இதுவோ முட்டை விழுந்ததும் ஊரைக் கூட்டிக் கத்திவிட்டுக் குப்பை கிளறப் போய்விடும். பெற்றதோடு சரி, திரும்பிக்கூடப் பார்க்காது.

தவிட்டுப் பானையில் முட்டை நிறைந்தது. புருஷன் சுந்தரமூர்த்தி, தோல் பதனிடும் ஷாப்பில் நாளெல்லாம் சுண்ணாம்புக் குழியில் நின்றுவிட்டு வருகிறவன், பானையை எட்டிப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு" என்றான்.

"தொடாதய்யா! வாரத்து முட்டை. நீ துன்னுட்டுப் போய்டுவ, குஞ்சு எங்கன்னு அக்கா கேட்டா நான் இன்னா சொல்றது?"

ஒருநாள் பொறுமை போய், இருட்டு மூலையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளின் மேல் வெள்ளைச்சியை உட்கார வைத்து, கூடையைக் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தாள். கூடைக்குள் ஒரே கூத்து. திறந்து பார்த்தபோது பாதி முட்டை உடைந்திருந்தது. வெள்ளைச்சி மஞ்சள் கருவில் குளித்திருந்தது. பானையில் மிஞ்சிய பழைய முட்டைகள் நாற்றமெடுக்க, அவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். குஞ்சும் இல்லை, கொடுக்கப் பங்கும் இல்லை. இனி எவள் நம்பி வாரத்துக்கு விடுவாள்?

கார்த்திகையில் ஒருநாள் காலை, பக்கத்து வீட்டுக் கொல்லையில் கோழி அலறியது. சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். நசீமுன்னிசா தன் கருப்புக் கோழியை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரே பேஜார் அமிர்தம். முட்டையே இல்ல, சும்மா அடை உக்காந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. நாலு முக்கு முக்கினாதான் தெளியும்."

"ஐயோ பாயம்மா, முக்காதீங்க! வுடுங்க, வுடுங்க!"

ஓடிப்போய்ப் புது முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். மூழ்கியவற்றை மடியில் கட்டி வந்து சுவருக்கு மேலாக நீட்டினாள். நசீமுன்னிசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எங்க சேவல் எந்நேரமும் உங்க வூட்லதான கெடக்குது. அது பண்ண வேலைக்கு எங்க கோழிதான் பாடுபடணுமா? சரி, குடு. எனக்கு ரெண்டு குஞ்சு."

மார்கழி பிறப்பதற்குள் கருப்புக் கோழியின் இறக்கைக்கடியிலிருந்து மஞ்சள் மஞ்சளாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. வெள்ளைச்சி அந்தப் பக்கமே போகவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சவுரியம்மாள் பெரிய கூடையோடு வந்தாள். முகம் கோபத்தில் உப்பியிருந்தது.

"ஏன்டி, இத்தினி மாசமா அது முட்டை போடுதே, எனக்குன்னு ஒரே ஒரு முட்டை அனுப்பினியா?"

"முட்டையா? வாரம்னா குஞ்சுதானக்கா!"

"அது அடையே உக்காராத ஜாதிடி. துரைசானி அப்பவே சொன்னாங்க."

"உங்களுக்குச் சொன்னாங்க. எனக்கு நீங்க சொன்னீங்களா?" அத்தனை நாள் பயமும் அமிர்தவள்ளிக்குக் கோபமாகப் பொங்கியது. சவுரியம்மாளின் கையைப் பிடித்து முருங்கை மரத்தடிக்கு இழுத்துப் போனாள். "உங்க பாதி இங்க கீது. தோண்டி எடுத்துக்கோங்க!"

சவுரியம்மாள் வாயைத் திறப்பதற்குள், சுவரடியிலிருந்த சாக்கடைத் துவாரம் வழியாகக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்தன. சுவருக்கு மேல் கருப்புக் கோழி நின்று அதட்டியது. நசீமுன்னிசா அந்தப் பக்கமிருந்தே முழுக் கதையையும் சொன்னாள். சவுரியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு குஞ்சு அவள் புடவையில் ஏறியது.

"பங்களாவுல வெளக்கு வெச்ச பொட்டியில முட்டைய பொரிக்க வெச்சாங்க, பாதி வெந்தே போச்சு. நீ இன்னாடான்னா..." கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "என் பாதிக் குஞ்சு போதும்டி எனக்கு. வெள்ளைச்சிய நீயே வெச்சுக்கோ."

"வாரத்துக்கா?"

"வாரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்குத்தான்."

அமிர்தவள்ளி குப்பைமேட்டுக்கு ஓடி, திமிறிய வெள்ளைச்சியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரருகே வந்தாள்.

"பாயம்மா! என் கோழியப் பாருங்களேன்!"

நசீமுன்னிசா தினமும் பார்க்கிற கோழிதான். ஆனாலும் முக்காட்டை விலக்கிக்கொண்டு, முதல்முறை பார்க்கிறவளைப் போல நெடுநேரம் பார்த்தாள்.