கோலயோப்பின் புள்ளிக்காரர்கள்

கோலயோப்பில் அபாவில் உட்காரும் ஆண்கள் அத்தனை பேருக்கும் வால் முளைத்த வருஷத்தில்தான் கோகோ விலையும் இறங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. விலை அடுத்த பருவத்தில் ஏறிவிட்டது, வால்கள் அப்படியே இருக்கின்றன. அபா என்பது ஊர் நடுவே சுவரில்லாமல் நிற்கும் ஓலைக் கொட்டகை. ஆண்கள் காலையில் அங்கே போய்ச் சாய்வார்கள், கோலாக் கொட்டை மெல்லுவார்கள், தீர்ப்புச் சொல்லுவார்கள், பிறகு களைத்துப்போய் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து தூங்குவார்கள். மரவள்ளியை நடுவது, தோண்டுவது, ஊறப்போடுவது, இடித்து இலையில் கட்டி அவிப்பது, அதை அபாவுக்கே சுமந்துபோய்க் கொடுப்பது ஆகிய சில்லறை வேலைகள் மட்டும் பெண்களுக்கு.

அபாவின் தலைமை பெகாலெயிடம் இருந்தது. எந்தக் கறியைப் பெண்கள் தின்னக் கூடாது என்று சொல்வது அவர் வேலை, அதை அவர் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. ஆமை தின்றால் பிள்ளை நடக்காது, குரங்கு தின்றால் முழி பிதுங்கும், காட்டுப்பன்றி தின்றால் அடங்காப் பிடாரியாகும். விலக்கப்பட்ட பிராணி எதுவும் மெலிந்ததாக இருந்ததில்லை என்பதைப் பெண்கள் கவனித்திருந்தார்கள். வேட்டை குறைந்துபோன அந்த வருஷம், கடைசியாக வளையவாலனையும் அவர் விலக்கி வைத்தார். படித்தவர்கள் அதை லின்சாங் என்கிறார்களாம். பூனையைவிடச் சின்ன உடம்பு, மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி, உடம்பளவு நீளத்துக்கு வளையம் வளையமாக வால். இருட்டினால் கிளைகளில் திரியும், பகலெல்லாம் பச்சை இலையால் உருண்டையாகக் கூடு கட்டி நாலைந்தாகச் சேர்ந்து தூங்கும், சில நாளில் அதை விட்டுவிட்டு வேறு கட்டும். அதன் தோலை ஆட்டக்காரர்கள் இடுப்பில் கட்டுவார்கள். கறிக்காக அதை யாரும் தேடிப் போனதில்லை. ஆனாலும் புள்ளி போட்டதைத் தின்றால் பிள்ளை புள்ளியோடு பிறக்கும் என்று பெகாலெ அறிவித்தார். எல்லாரும் ஆமோதித்துவிட்டுத் தூங்கப் போனார்கள்.

அவருடைய தம்பி மகன் எசோனோவின் மனைவி அந்தெமெ அப்போது முழுகாமல் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பால்குடி மறக்குமுன் புதைத்தவள். இந்த ஒன்றாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. கறிக்காக நாக்கும் உடம்பும் தவித்தன. அவள் மரவள்ளி வேலியில் வைத்த எலிக் கண்ணியில் ஒரு வளையவாலன் மாட்டியது. சாம்பலில் சுட்டு, நகத்தால் கிள்ளிக் கிள்ளி முழுவதையும் தின்றாள். அடுப்படிக்குப் பின்னால் கிடந்த வாலை எசோனோ பார்த்தான். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வாலைத் தூக்கிக்கொண்டு நேராக அபாவுக்குப் போனான். திரும்பி வந்தவனிடம் அந்தெமெ கேட்டது ஒன்றுதான். "ஒக்கார நல்ல எடமா குடுத்தாங்களா?" நல்ல இடம்தான் கொடுத்திருந்தார்கள், பெகாலெக்குப் பக்கத்தில்.

அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "புள்ளியோட இருக்கறது காட்டுச் சொத்து. பொறந்தா, கொண்டுபோயி மரக்கவட்டுல வச்சிட்டு வந்திரணும். யாராயிருந்தாலும் இதான் தீர்ப்பு" என்றார் பெகாலெ. அவளும் அப்பன் ஊருக்குப் போய்விட வேண்டியது. அந்தெமெ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆமையும் கொரங்கும் பன்னியும் இத்தன வருஷமா நீங்கதான மாமா தின்னீங்க? ஒங்க வயித்துக்குள்ள போனது மட்டும் சும்மாவா கெடக்குது?" பெகாலெ அதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் புள்ளி அவருடைய காதுக்குப் பின்னால்தான் வந்தது. கரி என்று நினைத்துத் தேய்த்தார். பிறகு முதுகெல்லாம் பரவியது. எசோனோவுக்கு விலாவில் வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அபா ஆண்கள் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு வியர்த்து வடிந்தார்கள். ஓடையில் சேர்ந்து குளிப்பதை விட்டார்கள். தனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பியதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வால் முளைத்தபோது அதைத் துணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இன்னும் பிறக்காத பிள்ளையின் தோலைப் பற்றி மும்முரமாக விவாதித்தார்கள். வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

பிள்ளை பிறந்த காலையில் எல்லாரும் பிலோகோவின் அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். பிலோகோ பெகாலெயின் மூத்த மனைவி. ஊரில் பிள்ளைகளை ஏந்துகிற கை அவளுடையது. பெண் குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். ஒரு மச்சம்கூட இல்லை. உள்ளே அந்தெமெ விம்மி விம்மி அழுதாள். சந்தோஷம்தான். பெகாலெக்குத் திருப்தியில்லை. அக்குளைப் பார்க்க வேண்டும், தொடையிடுக்கைப் பார்க்க வேண்டும் என்று குனிந்தார். குனிந்த வேகத்தில் துணி நெகிழ்ந்து, வளையம் வளையமாக ஒரு நீள வால் பிலோகோவின் காலடியில் விழுந்தது. அவள் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வந்து அந்த வாலை நிதானமாகப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களையும் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"யாராயிருந்தாலும்னு நீங்கதான சொன்னீங்க. எந்த மரம் வேணும், பாத்துச் சொல்லுங்க."

தூக்கி வைக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களே ஏறினார்கள், அதுவும் நல்ல லாவகமாக. கோகோத் தோட்டத்துக்குப் பின்னாலிருக்கிற உயரமான மரங்களில் இலை உருண்டை கட்டிப் பகலெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து தூங்குகிறார்கள். ஏறக்குறைய அபாவில் செய்ததுதான், தீர்ப்புச் சொல்வது மட்டும் நின்றுவிட்டது. கூரை இப்போது கொஞ்சம் உயரம். உடம்பும் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது. தலைவரி வாங்க வந்த ஆள் ஆண்கள் எங்கே என்று கேட்டபோது பெண்கள் மேலே காட்டினார்கள். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சும்மா போய்விட்டான். அபாவில் பெண்கள் உட்கார்ந்து கடலை உரிக்கிறார்கள். ஆமை, குரங்கு, பன்றி எல்லாம் சமைக்கிறார்கள். பிள்ளைகள் நேரத்துக்கு நடக்கின்றன. எசோனோ மட்டும் அந்தியில் அடுப்படிக் கூரைமேல் வந்து உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தெமெ அவனுக்கு ஒரு கோலாக் கொட்டை வைப்பாள். கறி வைத்ததில்லை.

மகள் நெங்கோனோ கண்ணி வைக்கப் பழகிய வயதில், எல்லாவற்றையும் பிடிக்கிறோம், வளையவாலனை மட்டும் ஏன் அவிழ்த்து விட்டுவிடுகிறோம், விலக்கா என்று கேட்டாள். கூரையில் உட்கார்ந்திருந்தவன் காதைத் தூக்கினான்.

"வெலக்கெல்லாம் ஒண்ணுமில்லடி" என்றாள் அந்தெமெ. "நான்தான் தின்னு பாத்திருக்கனே. அதுல ஒண்ணுமே கெடையாது."